இக்காலுயிட்டும் நூக்கும்: இரு வடபுல விமான நிலையங்களின் தூரமும் காலமும்

இரண்டு ஊர்களுக்கு இடையே தூரம் எவ்வளவு, அதை ஆகாய மார்க்கமாகக் கடக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்ற கேள்வி, முதற் பார்வைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு உரிய கணக்காகவே தோன்றும். அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கொடுத்தால் யந்திரம் கிலோமீட்டரைச் சொல்லிவிடுகிறது. கிலோமீட்டரை வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடுகிறது. ஜனசஞ்சாரம் மிகுந்த தேசங்களில் இந்த விடை பெரும்பாலும் உண்மையை ஒட்டியே நின்றுவிடுவதால், அதற்குள் எத்தனை அனுமானங்கள் அடங்கியிருக்கின்றன என்பதை எவரும் கவனிப்பதில்லை. சாலையும் இருப்புப் பாதையும் எட்டாத வடகோடியில் இரண்டு விமான நிலையங்களைத் தேர்ந்துகொண்டு அதே கணக்கைப் போட்டுப் பார்த்தால், அந்த அனுமானங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்கின்றன. இந்த ஆராய்ச்சிக்கு இக்காலுயிட், நூக் என்னும் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன்.

கனடாவின் பாஃபின் தீவில், ஃபுரோபிஷர் விரிகுடாவின் உட்கோடியில் இருப்பது இக்காலுயிட். டேவிஸ் நீரிணைக்கு அக்கரையில், கிரீன்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் இருப்பது நூக். முன்னது 1999 ஏப்ரல் 1 அன்று தனிப் பிரதேசமாக அமைக்கப்பட்ட நுனாவுட்டின் தலைநகர். பின்னது டென்மார்க் முடியரசுக்கு உட்பட்டுச் சுயாட்சி நடத்தும் கிரீன்லாந்தின் தலைநகர். 2021ஆம் வருஷத்துக் குடிக்கணக்கின்படி இக்காலுயிட்டின் ஜனத்தொகை 7,429. நூக்கில் ஏறத்தாழ இருபதினாயிரம் பேர் வசிக்கிறார்கள். இரு கரைகளிலும் பூர்வ குடிகள் இனுயிட் மக்களே. பேசும் பாஷைகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நுனாவுட்டின் 25 ஊர்களில் எந்த ஒன்றிலிருந்தும் மற்றொன்றுக்குச் சாலை கிடையாது. கிரீன்லாந்தின் நகரங்களுக்கு இடையிலும் அப்படியே. கோடையில் கப்பல், பனிக்காலத்தில் பனிமீது ஓடும் வண்டி, வருஷம் முழுவதும் விமானம் என்பதே அங்குள்ளோரின் போக்குவரத்து.

இரண்டு நிலையங்களும் தோன்றிய விதம் ஒன்றல்ல. ஹான்ஸ் எகெடே என்ற பாதிரியார் 1728இல் நிறுவிய குடியிருப்பு நூக். இரண்டரை நூற்றாண்டு கழித்து 1979இல்தான் அதற்கு விமான நிலையம் வாய்த்தது, அதுவும் மலைகளுக்கிடையே ஒரு கிலோமீட்டரும் நிரம்பாத ஓடுபாதையாக. இக்காலுயிட்டிலோ ஓடுபாதை முதலில் வந்தது, நகரம் அதைத் தொடர்ந்து வளர்ந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து ஐரோப்பியப் போர்முனைக்குப் பறந்து சென்ற விமானங்கள் இறங்கிச் செல்வதற்கென்று 1942இல் அமெரிக்க ராணுவத்தார் அந்தத் தளத்தை அமைக்கத் தொடங்கினார்கள். யுத்தத்துக்குப் பின் அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்கள் அங்கே எரிபொருள் நிரப்பிக்கொண்டன. இரண்டரைக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அதன் ஓடுபாதையில், 2006இல் ஏர்பஸ் ஏ380 என்னும் இரண்டடுக்கு ராட்சத விமானத்தைக் கொண்டுவந்து குளிரில் நிறுத்திப் பரீட்சை செய்தார்கள். ஊரின் ஜனத்தொகைக்கும் ஓடுபாதையின் நீளத்துக்கும் சம்பந்தமே இல்லாத இந்த நிலை வடபுலத்தில் அபூர்வமன்று. அங்குள்ள விமான நிலையங்களில் கணிசமானவை அந்த ஊராருக்காகக் கட்டப்பட்டவையே அல்ல.

இனித் தூரத்துக்கு வருவோம். பள்ளிச் சுவரில் தொங்கும் மெர்க்கேட்டர் படத்தை நம்பி அளப்பவர் ஆரம்பத்திலேயே ஏமாறுவார். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிக் குவிவதை மறைத்து, அவற்றை ஒன்றுக்கொன்று இணையான கோடுகளாக நிறுத்தும் அந்தப் படத்தில், 64ஆம் அட்சரேகையை ஒட்டிய நீளங்கள் பூமத்திய ரேகையில் உள்ளதைப்போல் ஏறக்குறைய இரண்டேகால் மடங்கு பெருகிக் காட்சியளிக்கும். பூகோள உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தாலும் சரி, கோளத் திரிகோண கணிதத்தால் கணித்தாலும் சரி, இரு நிலையங்களுக்கும் இடையிலுள்ள மிகக் குறுகிய தூரம் ஏறக்குறைய 820 கிலோமீட்டர். பூமி துல்லியமான உருண்டையன்று, துருவங்களில் சற்றே தட்டையானது என்பதையும் கணக்கில் சேர்த்தால் இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடும்; அதற்கு மேல் வித்தியாசம் வராது.

இந்த மிகக் குறுகிய பாதையைப் பெருவட்டப் பாதை என்பார்கள். அதன் மகிமையைப் பலர் மிகைப்படுத்திச் சொல்வதால் ஒன்றைக் குறிப்பிட்டுவிடுவது நல்லது. கோபன்ஹேகனிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஸ்காண்டிநேவிய விமானக் கம்பெனியார் 1954 நவம்பரில் கிரீன்லாந்தின் வழியாக விமானப் போக்குவரத்தைத் தொடங்கியபோது, நியூயார்க்கைச் சுற்றாமல் வடக்கே ஏறி இறங்கிய அந்தப் பெருவட்டம் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தியது உண்மையே. நம் இரண்டு ஊர்களோ ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், பதினேழு பாகைக்கும் சற்றுக் குறைந்த தீர்க்கரேகை இடைவெளியில் அமைந்திருப்பதால், திசைமாறாத கோட்டில் பறப்பதைக் காட்டிலும் பெருவட்டத்தில் பறப்பதால் மிச்சமாவது இரண்டு மூன்று கிலோமீட்டர்தான்.

ஆனால் தூரத்தில் மறைந்துபோகும் அந்த வித்தியாசம் திசையில் வெளிப்படுகிறது. இக்காலுயிட்டை விட்டுக் கிளம்பும் விமானம், உண்மை வடக்கிலிருந்து வலமாக அளந்தால் சுமார் 79 பாகையில், அதாவது கிழக்கிலிருந்து சற்றே வடக்கு விலகிய திசையில் புறப்பட்டு, ஹால் தீபகற்பத்தைத் தாண்டிக் கடலுக்கு மேல் வந்து, நூக்கை அணுகும்போது சுமார் 94 பாகையில், அதாவது கிழக்கிலிருந்து சற்றே தெற்கு விலகிய திசையில் போய்க்கொண்டிருக்கிறது. விமானி ஒரு பக்கமும் திருப்பவில்லை; நேரே செல்லும் விமானத்தின் அடியில் வடதிசையே பதினைந்து பாகை நகர்ந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, காந்த ஊசி அப்பிரதேசத்தில் உண்மை வடக்கிலிருந்து இருபது பாகைக்கு மேல் மேற்கே விலகி நிற்கிறது. இன்னும் வடக்கே, காந்த துருவத்துக்கு அருகே போகப்போக அது நம்பத்தக்கதாகவே இராது. ஆகையால்தான் கனடாவின் வடகோடி வான்வெளியில் ஓடுபாதைகளையும் விமானப் பாதைகளையும் காந்த வடக்கைக் கொண்டு குறிக்காமல் உண்மை வடக்கைக் கொண்டு குறிக்கிறார்கள். செயற்கைக் கோள்களின் துணையோடு பறக்கும் இன்றைய விமானிக்கு இது பெருந்தொல்லையன்று. சூரியனையும் நட்சத்திரங்களையும் கருவியால் பார்த்துத் திசை கணித்த முந்தின தலைமுறையினருக்கு, குறிப்பாகச் சூரியன் அடிவானத்துக்குச் சற்றுக் கீழே நின்று நட்சத்திரங்களையும் தெரியவிடாத நீண்ட அந்திப் பொழுதுகளில், இது உயிர்ப் பிரச்சினை.

இந்த மார்க்கத்தில் பறந்த டாஷ்-8 ரக விமானத்தின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர். காற்று அசையாத வானத்தில் 820 கிலோமீட்டரை அது 98 நிமிஷத்தில் கடக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் காற்று மேற்கிலிருந்து வீசுவதாகக் கொள்வோம். போகும்போது 85 நிமிஷமும் திரும்பும்போது 117 நிமிஷமும் ஆகும். போகும்போது கிடைத்ததைத் திரும்பும்போது கொடுத்துவிட்டோம், கணக்கு நேராகிவிட்டது என்று நினைப்பது பிசகு. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் காற்றில்லாத நாளைக் காட்டிலும் ஐந்து நிமிஷம் அதிகம். எதிர்க்காற்றில் கழியும் நேரம் நீளமானதாகையால், காற்று தரும் நன்மையை நாம் குறைந்த நேரமும், அது செய்யும் தீமையை அதிக நேரமும் அனுபவிக்கிறோம். இதன் மேல் உயரம் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஆகும் தாமதத்தையும், சக்கரத்தடையை எடுத்து நகரத் தொடங்கியது முதல் மறுபடி சக்கரத்தடை வைத்து நிறுத்துவது வரை தரையில் கழியும் நிமிஷங்களையும் சேர்த்தால், கால அட்டவணையில் ஒன்றே முக்கால் மணி நேரத்தை ஒட்டி ஓர் எண் தோன்றுகிறது.

அந்த எண்ணைச் சாத்தியமாக்குவதற்கு விமானி சுமந்து செல்லும் எரிபொருளைப் பார்த்தால் வடபுலத் தூரத்தின் மற்றொரு முகம் தெரியும். சேருமிடத்தில் இறங்க முடியாவிட்டால் போய் இறங்க ஒரு மாற்று நிலையம் வேண்டும் என்பதும், அதையும் எட்டிய பிறகு இன்னும் சிறிது நேரம் பறக்க எரிபொருள் எஞ்சியிருக்க வேண்டும் என்பதும் விமான விதி. காற்றாடி பொருத்திய விமானங்களுக்குக் கனடிய விதி அந்த மிச்சத்தை 45 நிமிஷம் என்று நிர்ணயிக்கிறது. ஜன நெருக்கமுள்ள தேசத்தில் மாற்று நிலையம் பக்கத்து நகரத்திலேயே கிடைக்கும். நூக்குக்கு உரிய நம்பகமான மாற்று, 320 கிலோமீட்டர் வடக்கே, நீண்ட கடற்கழியின் உட்கோடியில் உள்ள காங்கர்லுசுவாக். அதுவும் 1941இல் அமெரிக்கர்கள் அமைத்த ராணுவத் தளந்தான். கடலோரத்து மூடுபனி அவ்வளவு தூரம் உள்ளே எட்டாததால் அங்கே வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கிறது. ஆக, 820 கிலோமீட்டர் பிரயாணத்துக்கு ஆயத்தமாகும் விமானம் உண்மையில் 1,140 கிலோமீட்டருக்கும் அதற்கு மேலும் ஆயத்தமாகிறது. அப்படி ஏற்றிய எண்ணெயின் கனத்துக்கு ஈடாகச் சில ஆசனங்களையோ சரக்கையோ விட்டுச் செல்ல நேர்வதுண்டு. அந்த எண்ணெயும் கோடையில் கடற்பனி உருகியிருக்கும் சில மாதங்களில் கப்பலில் வந்து இறங்கி, வருஷம் முழுவதற்குமாகச் சேமித்து வைக்கப்படுவது.

குளிர் செய்யும் சூட்சுமமான தீங்கு ஒன்று உண்டு. விமானத்தின் உயரமானி உண்மையில் காற்றின் அழுத்தத்தை அளப்பது. குளிர்ந்த காற்று அடர்ந்து சுருங்கியிருப்பதால், கருவி காட்டும் உயரத்துக்கும் கீழேயே விமானம் பறந்துகொண்டிருக்கும். உறைநிலைக்குக் கீழே 30 பாகைக் குளிரில், நிலையத்துக்கு மேல் 1,000 அடி என்று முள் காட்டும்போது உண்மை உயரம் 800 அடியைச் சற்றே தாண்டியிருக்கும். நூக்கின் சுற்றுப்புறத்தில் 1,210 மீட்டர் உயர்ந்து நிற்கும் செர்மிட்சியாக் போன்ற மலைகள் இருக்கையில் இந்த இருநூறு அடி அற்ப விஷயமன்று. ஆகவே விமானிகள் அட்டவணையைப் பார்த்து, இறங்குவழியின் ஒவ்வொரு குறைந்தபட்ச உயரத்துடனும் திருத்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே இறங்குகிறார்கள். பனிப்புயல் அடித்தால் இந்தக் கணிதமெல்லாம் வீண்; இக்காலுயிட்டில் மாரிக்காலப் புயல் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து நிலையத்தை மூடிவைப்பதுண்டு. அத்தகைய வாரத்தில் பிரயாண காலம் எவ்வளவு என்று கேட்பவருக்கு ஒன்றே முக்கால் மணி என்று விடை சொல்வது பரிகாசமாகும்.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூரியனைக் கொண்டு பார்த்தால் இரு ஊர்களுக்கும் இடையே ஒரு மணி ஏழு நிமிஷந்தான் வித்தியாசம். கிரீன்லாந்தார் 2023இல் தங்கள் நேரத்தை ஐரோப்பாவை நோக்கி ஒரு மணி நகர்த்திக்கொண்டதால், கடிகார வித்தியாசம் இன்று வருஷத்தின் பெரும்பகுதியில் மூன்று மணி. கோடை நேரத்துக்கு மாறும் தேதிகள் இரு கரைகளிலும் வேறுபடுவதால் மார்ச்சில் சில வாரமும் இலையுதிர் காலத்தில் ஒரு வாரமும் மட்டும் அது இரண்டாகிறது. காலை பத்து மணிக்கு இக்காலுயிட்டில் ஏறியவர் நூக்கில் இறங்கும்போது பிற்பகல் மணி மூன்றாகப் போகும். திரும்பி வருகிறவரோ பிற்பகல் மூன்றுக்குப் புறப்பட்டு, இரண்டு மணி அடிப்பதற்கு முன்பே வந்து இறங்கிவிடுவார்.

இதுவரை சொன்னதெல்லாம், விமானம் ஒன்று புறப்படுகிறது என்ற அனுமானத்தின்மேல் நிற்கிறது. அந்த அனுமானந்தான் எல்லாவற்றிலும் பலவீனமானது. இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இரு கரைகளையும் இணைத்த விமானப் போக்குவரத்து பின்னர் நின்றுபோயிற்று. கிரீன்லாந்து விமானக் கம்பெனியார் 2012இல் கோடைகாலத்துக்கு மட்டும் அதைப் புதுப்பித்து, சில வருஷங்களில் கைவிட்டார்கள். 2024 கோடையில், கனடிய வடபுலக் கம்பெனியொன்றின் ஒத்துழைப்போடு, வாரத்துக்கு ஒரு முறை என்ற கணக்கில் மறுபடி தொடங்கினார்கள். இடைப்பட்ட வருஷங்களிலும் மாரிக்காலங்களிலும் எதிர்க்கரைக்குப் போக விரும்பியவர் என்ன செய்ய வேண்டியிருந்தது? தெற்கே 2,100 கிலோமீட்டர் பறந்து ஆட்டவாவில் இறங்கி, மாண்ட்ரியாலுக்குப் போய், அங்கிருந்து 3,700 கிலோமீட்டருக்கு மேல் பறந்து ஐஸ்லாந்தை அடைந்து, அங்கிருந்து மேற்கே திரும்பி 1,400 கிலோமீட்டருக்கு மேல் பறந்து நூக்கில் இறங்க வேண்டும். மொத்தம் 7,400 கிலோமீட்டர். நேர் தூரத்தைப்போல் ஒன்பது மடங்கு. இணைப்பு விமானங்கள் தினந்தோறும் இராததால் வழியில் ஓர் இரவோ இரண்டு இரவோ தங்கவும் நேரும். என்னைக் கேட்டால், நூலால் அளந்த 820ஐ விட இந்த 7,400தான் இவ்விரு ஊர்களின் தூரம் என்ற பெயருக்கு அதிக உரிமையுடையது. வருஷத்தின் பெரும்பகுதியில் மனிதர்கள் உண்மையில் கடக்கும் தூரம் அதுவாகையால்.

2002இல் வடதுருவப் பனிக்கால விளையாட்டுப் போட்டிகளை நூக்கும் இக்காலுயிட்டும் கூட்டாக நடத்தின. விளையாட்டு வீரர்களை நீரிணைக்கு மேலாகத் தனி விமானங்களில் ஏற்றி இறக்கினார்கள். இரண்டு தேசங்களில் ஒரே விழா நடப்பதற்கு அந்த 820 கிலோமீட்டர் தடையாக நிற்கவில்லை. அதற்கும் முன்னே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கிட்லாக் என்ற இனுயிட் மந்திரவாதி பாஃபின் தீவிலிருந்து தம் கூட்டத்தாரை நாய் வண்டிகளில் அழைத்துக்கொண்டு, வருஷக்கணக்கில் வடக்கே பிரயாணம் செய்து, கடல் குறுகி உறையும் இடத்தில் கடந்து வடமேற்குக் கிரீன்லாந்தை அடைந்தார். அவருடைய வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.

மற்ற இரண்டு ஜோடிகளோடு ஒப்பிட்டால் விஷயம் தெளிவாகும். நார்வேக்கு உரிய ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், 78ஆம் அட்சரேகையில் இருக்கும் லாங்கியர்பியனுக்கும், நார்வேப் பெருநிலத்து ட்ரோம்ஸோவுக்கும் இடையே ஏறக்குறைய 960 கிலோமீட்டர். நம் ஜோடியைக் காட்டிலும் தூரம் அதிகம். லாங்கியர்பியனின் ஜனத்தொகையோ இக்காலுயிட்டில் பாதிகூட இல்லை. மாரியில் மூன்று மாதத்துக்கு மேல் சூரியனே தலைகாட்டாது. ஓடுபாதை நிரந்தரமாக உறைந்த மண்ணின்மேல் கிடக்கிறது. இருந்தும், 1975இல் அந்த நிலையம் திறக்கப்பட்ட பிறகு, ஜெட் விமானங்கள் வருஷம் முழுவதும் ஒழுங்காக வந்துபோகின்றன. ஒன்றே முக்கால் மணிக்குள் பிரயாணம் முடிகிறது. அதற்கு முன்போ, கடல் உறைந்த மாதங்களில் அங்கே போக வழக்கமான வழியே இருந்ததில்லை. இதற்கு மறுபக்கம் அலாஸ்காவின் நோம், ருஷ்யாவின் ப்ரொவிதேனியா. இடைவெளி 375 கிலோமீட்டர்தான். பனிப்போர் தணியத் தொடங்கிய 1988 ஜூன் மாதத்தில் நோமிலிருந்து நட்பு விமானம் என்ற பெயரில் ஒரு ஜெட் அங்கே போய் வந்தது. பல்லாண்டுகள் பிரிந்திருந்த உறவினர்கள் சந்தித்துக்கொண்டார்கள். 2022இல் இரு வல்லரசுகளும் ஒன்றன் விமானத்துக்கு மற்றொன்று வான்வெளியை மூடிவிட்ட பிறகு, ஒரு மணிக்குள் கடக்கக்கூடிய அந்த இடைவெளியை ஒழுங்கான விமானத்தில் கடக்க விரும்புகிறவர் பூமியையே வலம்வர வேண்டியிருக்கிறது.

குளிரும் காற்றும் மூன்று ஜோடிகளுக்கும் பொது. வேறுபடுவது, இரு முனைகளும் எந்தத் தலைநகரின் கையில் இருக்கின்றன என்பதே. நுனாவுட்டில் விமான ஆசனங்களை நிரப்புகிறவர்களில் பெரும்பகுதியினர் உல்லாசப் பிரயாணிகள் அல்லர். அரசாங்கச் செலவில் வைத்தியத்துக்குப் போகிறவர்களும் உத்தியோகஸ்தர்களும். பாஃபின் தீவில் ஒருவருக்குக் கடுமையான நோய் கண்டால் ஆட்டவாவுக்கு அனுப்புகிறார்கள். கிரீன்லாந்தில் கண்டால் நூக்கின் பெரிய ஆஸ்பத்திரிக்கும், அதற்கு மேற்பட்டதானால் கோபன்ஹேகனுக்கும் அனுப்புகிறார்கள். தபாலும் கடைச் சரக்கும் அதே தடங்களில் வருகின்றன. இப்படி அரசாங்கப் பணம் ஓடும் வழியில் தினசரி விமானமும், உறவும் விளையாட்டும் வியாபார ஆசையும் மட்டும் இருக்கும் வழியில் கோடைகால விமானமும் என்ற ஏற்பாடு, எவரும் திட்டமிட்டுச் செய்த அநியாயமன்று. ஆனால் அதன் பலன் திட்டமிட்டதுபோலவே இருக்கிறது.

2024 நவம்பர் 28 அன்று நூக்கில் 2,200 மீட்டர் நீளமுள்ள புதிய ஓடுபாதை திறக்கப்பட்டது. அதுவரை கோபன்ஹேகனிலிருந்து வரும் பெரிய விமானங்கள் காங்கர்லுசுவாக்கில் இறங்க, பிரயாணிகள் சிறிய விமானத்துக்கு மாறி நூக்குக்கு வர வேண்டியிருந்தது. இப்போது நேரே தலைநகரில் வந்து இறங்குகிறார்கள். 2025 ஜூன் மாதத்தில் நியூயார்க்கை அடுத்த நூவார்க்கிலிருந்து, ஏறக்குறைய 3,000 கிலோமீட்டருக்கு, கோடைகால நேர் விமானமும் தொடங்கியது. இந்தப் புதிய பாதையால் இக்காலுயிட்டும் கிட்டே வந்துவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அந்த மார்க்கத்துக்கு 2,200 மீட்டர் என்றுமே தேவைப்பட்டதில்லை. 37 ஆசனமுள்ள டாஷ்-8 விமானத்துக்குப் பழைய குட்டைப் பாதையே தாராளமாகப் போதுமானதாக இருந்தது. கிடைக்காமல் போனது, மாரியிலும் வாரந்தவறாமல் அந்த 37 ஆசனங்களுக்கும் கட்டணம் கொடுக்கக்கூடிய ஒருவர்தான்.